வெள்ளிக்கிழமை விரதம்

வெள்ளிக்கிழமை வந்தா எனக்கு விரதம். ரெண்டாயிரத்து நாலு, பி.எஸ்சி. ரெண்டாவது வருசம். எந்தச் சாமிக்குன்னு கேட்டவளுக்கெல்லாம் மாரியம்மனுக்குன்னு சொல்லி வச்சிருந்தேன். உண்மை என்னன்னா, எங்கம்மாவுக்குச் சனிக்கிழமதான் சம்பளம். திருத்தங்கல்ல பட்டாசுக் கம்பெனி வேல. வியாழக்கிழம ராத்திரியோட அரிசிப்பானை காலியாயிரும். மறுநாள் வெறும் வயித்தோட பஸ்ஸேறி விருதுநகர் காலேஜுக்கு வருவேன்.

இல்லைன்னு சொல்லிக் கைநீட்ட என்னால ஆகாது. அம்புட்டு வீம்பு. அதுக்குக் கிடைச்ச தண்டனையப் பாருங்க, பக்கத்துல உக்காந்து டப்பாவத் திறக்குற பிள்ளைக ஒரு வாய்கூடத் தரமாட்டாளுக. விரதக்காரியக் கெடுத்த பாவம் நமக்கெதுக்குன்னு மூடியால மறைச்சுக்கிட்டுச் சாப்பிடுவாளுக. புளிச்சோத்து வாசத்த எந்த மூடி மறைக்கும்?

என் பெஞ்சுல பக்கத்துல இருந்தவ மிளகா வத்தல் மண்டிக்காரர் மக. ஒரு வெள்ளிக்கிழம அழுது வீங்குன கண்ணோட வந்தா. அவ அப்பாவுக்கு மறுநாள் மதுரையில நெஞ்சு ஆபரேசன். என் கையப் பிடிச்சுக்கிட்டா.

"நீ விரதம் இருந்தா அம்மன் கேக்கும். நாளைக்கு ஒரு நாள் எங்கப்பாவுக்காக இருப்பியா?"

நாளைக்கா? வாரம் பூரா நான் காத்துக்கிடக்குற நாளு அது. சரின்னு தலையாட்டிட்டேன். வேற என்னத்தச் சொல்ல?

சனிக்கிழம சாயந்திரம் வரைக்கும் இருந்தேன். அது பெரிய காரியமில்ல, வீட்ல ஒண்ணும் கிடையாது. அம்மா அரிசியும் சாளமீனும் வாங்கிட்டு வந்துச்சு. கொழம்பு கொதிக்கவும் என் கை தானா தட்டத் தேடுச்சு. தின்னு முடிச்சுக் கைகழுவும்போதுதான் அவ அப்பா ஞாபகம் வந்தாரு. விசாரிக்க வீட்ல போன் கிடையாது. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா கொன்னது நான்தான்னு ஞாயிற்றுக்கிழம பூரா நெனச்சுக்கிட்டே கிடந்தேன்.

திங்களும் செவ்வாயும் அவ வரல. புதன்கிழம சிரிச்சுக்கிட்டே வந்தா. அப்பா பொழச்சுக்கிட்டாராம், எல்லாம் என் விரதமாம். நன்றிக்கு இந்த வெள்ளிக்கிழம தானும் என்கூட விரதம் இருக்கப்போறதாச் சொன்னா. வேண்டாம்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், கேக்கல.

வெள்ளிக்கிழம மத்தியானம் கெமிஸ்ட்ரி லேப். அவ பியூரெட்டப் பாதியில மூடிட்டா. மூஞ்சி வெளுத்துப்போய் ஸ்டூல்ல உக்காந்தா.

"தலை சுத்துது பிள்ள. வாராவாரம் எப்படித்தான் இருக்க?"

அவ என்னயச் சாமி மாதிரி பாத்தா. அதை என்னால தாங்க முடியல.

"சனிக்கிழமதான் எங்கம்மாவுக்குச் சம்பளம். வெள்ளிக்கிழம வீட்ல சோறு இருக்காது. விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பாவப்படுவான்னு நெனச்சேன். இத்தன நாளும் பயந்தது அதுக்குத்தான். அவ பாவப்படல.

"அப்ப எங்கப்பாவுக்காக இருந்தது?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரல.

"சாப்பிட்டேன். மூணு தட்டு."

அவ எந்திரிச்சு வேற டேபிளுக்குப் போயிட்டா.

அடுத்த வெள்ளிக்கிழம என் முன்னால ஆறு டப்பா திறந்திருந்துச்சு. அவதான் எல்லார்ட்டயும் சொல்லியிருக்கணும். அவ டப்பா மட்டும் எனக்குத் திறக்கல.