இரட்டை வயிற்றுக் கார்

டாக்சி ஓட்டுவது பாதித் தொழில், ஸ்டாண்டில் காத்துக் கிடப்பது மீதி; சீட்டில் முதுகு தேய்ந்த டிரைவர்களான உங்களுக்குத் தெரியாததல்ல. ஏற்காட்டில் ஒரு ரிசார்ட் எங்களுக்கு இழைத்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, நாங்கள் வண்டி நிறுத்திய மர நிழலுக்கு வேலி போட்டது. இரண்டாவது, சேலத்திலிருந்து வாடகை வண்டிகளை ஏற்றிவிட்டது. மூன்றாவது, பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்த காரை வாங்கி, எங்களில் ஒருவனுக்கு மட்டும் நிரந்தர வேலை என்றது. அந்த ஒரு வேலைக்கு நானும் ஜாபரும் போட்டி. நான் சங்கச் செயலாளர், துண்டறிக்கை படித்தே உலகம் அறிந்தவன். ஜாபர் நேற்று வந்தவன்.

விளக்கக் கூட்டம்

சுவரில் பிளக் போட்டு பேட்டரியை நிரப்பலாம், பக்கத்து ஊருக்கு அதுவே போதும், தீர்ந்தால் பெட்ரோல் என்ஜின் கை கொடுக்கும் என்றார் மேனேஜர். இரண்டு எரிபொருளுக்கு ஒரே சம்பளமா என்று நான் வாதாடிக்கொண்டிருந்தேன். ஜாபர் சார்ஜ் ஒயரைத் தோளில் மாட்டிப் பார்த்தான். டீக்கடைக்காரர் சொன்னார்: "ஏனுங்க செயலாளரே, நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள அவன் மாலையே போட்டுக்கிட்டானுங்க."

நாகலூர் சவாரி

முதல் பரீட்சையாக ரிசார்ட் விருந்தாளி ஒருவரை நாகலூர் கொண்டுபோக ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன், சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன். பேட்டரியில் அது ஊமையாகத்தான் கிளம்புமாம்; நான் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டு அம்மா பொறுமையாகக் கேட்டார்: "வண்டி எப்பவோ ரெடியாயிருச்சுங்க, நீங்க எப்பங்க ரெடியாவீங்க?"

சேலம் இறக்கம்

ரிசார்ட் முதலாளியைச் சேலம் கொண்டுபோய்த் திரும்புவதுதான் கடைசிப் பரீட்சை. நான் மலைமேலேயே பேட்டரியை முழுக்க நிரப்பினேன். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சுழலும் சக்கரமே மோட்டாரைச் சுற்றி மின்சாரம் சேர்க்கும், வேகமும் மட்டுப்படும். நிறைந்த பேட்டரியில் அது எங்கே சேரும்? பிரேக்கை மிதித்து மிதித்தே இறங்கினேன். அடிவாரத்தில் கருகல் நாற்றம். மறுநாள் ஜாபர் அரைகுறை பேட்டரியோடு போனான், இறக்கத்தில் நிரப்பினான், திரும்பும்போது பாதி ஏற்றம் பெட்ரோல் இல்லாமலே வந்தான். அவன் முந்தின இரவு பிளக் போட மறந்தவன் என்பது ஸ்டாண்டுக்கே தெரியும். ஆனாலும் என்னிடமே சொன்னான்: "நெறஞ்ச கொடத்துல மழ பேஞ்சா யாருக்குங்கண்ணா லாபம்?" என் துண்டறிக்கை எதிலும் இப்படி ஒரு வரி அமைந்ததில்லை.

அறிவிப்பு

நிரந்தர வேலை யாருக்கு என்பதை எல்லா டிரைவர்கள் முன்னிலையிலும் செயலாளர்தான் உரக்கப் படிக்க வேண்டும். கொல்லைப்புற நியமனத்தை ஒழிக்க நானே கொண்டுவந்த விதி. மேனேஜர் சீட்டை நீட்டினார். வாய்க்குள் படித்தேன். பின்வரிசையில் ஒருவன் சொன்னான்: "சத்தமா படிங்கண்ணா, சாட்சிக்கு நிக்கறமில்ல."

போராடிப் பெற்ற உரிமைகளிலேயே தொண்டையை அறுப்பது, அடுத்தவன் பெயரைத் தெளிவாக வாசிக்கும் உரிமைதான்: "அ. ஜாபர் உசேன்."