யார் காயத்துக்கு இந்தத் துணி

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, ராஜபாளையம் பக்கத்துப் பேண்டேஜ் தறிக்கூடத்தில் நன்கொடை கேட்டு நின்றேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் நர்ஸ். மடகாஸ்கரின் மலைக்கிராமம் ஒன்றில் குடிநீர்த் தொட்டி கட்டப் போகும் குழுவில் மருத்துவத் தொண்டராகச் சேர்ந்திருந்தேன். பயணச் செலவை அவரவரே திரட்ட வேண்டும்; அந்த வாரத்துக்குள் முடியாவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"ஏம்மா, உள்ளூர்ல யாருக்கும் காய்ச்சலே வரலியா?" என்றார் முதலாளி அண்ணாச்சி. தறிக்காரர்கள் சிரித்தார்கள். ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி பனிபோல் மிதந்துகொண்டிருந்ததையே பார்த்தேன்.

தறி ஓட்டும் மாரியம்மாக்கா மெஷினை நிறுத்தினார். "அண்ணாச்சி, நம்ம துணி கப்பலேறிப் போகுது. யாரு காயத்துல கட்டுதாகன்னு ஒருநாளாச்சும் பாத்திருக்கமா? இவ போயி பாத்துட்டு வந்து சொல்லட்டுமே."

அண்ணாச்சி தறியில் ஓடிக்கொண்டிருந்த துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மிச்சச் செலவை ஏற்றுக்கொண்டு, ஒரு கட்டுப் பேண்டேஜ் துணியும் கொடுத்தார்.

ஐப்பசியில் திரும்பியதும் நேரே அங்கே போனேன். கல் விழுந்து கால் கிழிந்த ஒரு பெண்ணுக்கு அந்தத் துணியால் கட்டுப்போட்டதைச் சொன்னேன். கடலையோ விமானத்தையோ பற்றி யாரும் கேட்கவில்லை. மாரியம்மாக்கா மட்டும், "ரொம்ப வலிச்சுதா அவளுக்கு?" என்றார்.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் ஒரு காயத்தின் கட்டை அவிழ்க்கும்போது என் கை தானாக மெதுவாகிவிடுகிறது.