யார் அந்த "நமது நிருபர்"?

ஊரே படிக்கும்படி எழுதிவிட்டு, எழுதியவர் யாரென்று ஊருக்குத் தெரியாமல் இருப்பதே நிருபர் வேலை. சின்ன ஊர்களில் பைக் தேய அலையும் சக நிருபர்களே, இவை உங்களுக்கும் நடந்திருக்கும்.

சொல்லும் பொருளும்

பெரிய காஞ்சிபுரத்து டீக்கடையில் நெசவாளி முருகேசன் கேட்டார்: "ரிப்போர்ட்டர்னா புரியுது. நிருபர்னா இன்னா சார்?" இப்படியொரு கேள்விக்காகவே காத்திருக்கும் பிறவி நான். நிருபம் என்றால் கடிதம். சேதியைக் கடிதமாக எழுதி அனுப்பியவர் நிருபர். இப்போது செல்போனில் அனுப்பினாலும் பெயர் மாறவில்லை என்று டீ ஆறும்வரை விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் தம் கவலையைச் சொன்னார். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு, மழைத்தண்ணீர் அவருடைய தறிக்குழிக்குள் ஏறுகிறது. குழிக்குள் காலை இறக்கி மிதித்தால்தான் தறி ஓடும். யாருடைய கல்யாணத்துக்கோ நெய்யும் முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறது. "கடுதாசி போடறவர்தானே நீங்க? எங்க சாக்கடைக்கும் ஒண்ணு போடுங்க சார்."

படம்

தண்ணீர் நிற்கும் தறிக்குழியைப் படமெடுத்துச் செய்தியோடு அனுப்பினேன். மறுநாள் பேப்பரில் செய்தி வந்துவிட்டது. மேலே "நமது நிருபர்" என்ற வழக்கமான வரி. பக்கத்தில் என் படத்துக்குப் பதிலாகக் கோயில் கோபுரம். சாக்கடைக்கும் கோபுரத்துக்கும் என்ன உறவு என்று உதவி ஆசிரியரிடம் போனில் கேட்டேன். "காஞ்சிபுரம்னா கோபுரம்தான் தம்பி. குழியப் போட்டா எந்த ஊர்னு எவனுக்குத் தெரியும்?"

ஆள் தேடல்

அன்றே தெருவுக்கு, என் முகம் தெரியாத மாநகராட்சி அதிகாரி ஒருவர் வந்தார். சாக்கடையைப் பார்க்கவில்லை. முருகேசன் வீட்டு வாசலில் நின்று, "யாரு அந்த நிருபர்? அவருக்குச் சொன்னது யாரு?" என்றார். நான் முருகேசனுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் அவர் அலுவலகத்தில் இனி எனக்கு ஒரு செய்தியும் கிடைக்காது. மூடிக்கொண்டால் முருகேசன் மாட்டுவார்.

தொண்டையைச் செருமினேன். அதற்குள் முருகேசனின் மனைவி வசந்தா, குழியிலிருந்து இறைத்த ஒரு வாளித் தண்ணீரை அதிகாரியின் செருப்புக்குப் பக்கத்தில் கொட்டினார். "நமது நிருபர்னு போட்டுக்குதே, படிக்கலியா சார்? தெருவே சேந்துதான் எழுதினோம். ஆளத் தேடிக்கினு நிக்காம, அடைப்பெடுக்க ஆளக் கூட்டிக்கினு வாங்க."

அடைப்பு எடுத்து, குழி காய்ந்து, அந்த வீட்டில் மறுபடியும் தறிச் சத்தம் கேட்டபோது, என் பெயரை அச்சில் பார்க்கும் ஆசை எனக்குக் கொஞ்சம் குறைந்திருந்தது, முழுதாகப் போய்விடவில்லை.