பதிவுத் தபாலில் போன பதில்

இந்தச் சஞ்சிகைக்காக என் கையெழுத்தைப் பார்த்து ஸ்டென்சில் வெட்டும் தம்பியிடம் முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து. பிழைகளில் பாதியை அவர் திருத்திவிடுவார். மீதியை நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடந்த செவ்வாய்க்கிழமை ஒரு பல்கலைக்கழகத்தின் ரெக்டர் எனக்குக் கை கொடுத்தார். ரெக்டர் என்றால் அந்த இடத்துக்கே தலைவர். என் கை நனைந்திருந்தது. துடைக்க நேரம் தரவில்லை மனிதர்.

நான் அங்கே மென்சாவில், அதாவது மாணவர் சாப்பாட்டுக்கூடத்தில், தட்டுக் கழுவுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். எந்தப் பல்கலைக்கழகம் என்று மட்டும் எழுதமாட்டேன் – அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அந்த வேலை போகவிருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

வசந்தகாலத்தில் ஒரு கடித உறை வந்தது. மேலே கன்ரோனின், அதாவது இந்தச் சுவிஸ் மாநிலத்தின், சின்னம். வெளிநாட்டவர் பொலிஸ் அனுப்பும் உறையிலும் அதே சின்னம்தான். நம்மில் யாருக்கு அதைக் கண்டு பயம் வராது? உள்ளே ஜெர்மனில் நிறைய எழுத்து. கடைசியில் ஒரு திகதி. அறைத் தோழன் தவத்திடம் ஓடினேன். அவனும் அதே மென்சாவில் உருளைக்கிழங்கு உரிப்பவன். இரவுப் பள்ளியில் ஜெர்மன் படித்தவன்.

"இது பொலிஸ் இல்லை அண்ணை. எங்கட ரெக்டர். எனக்கும் வந்தது."

"என்னவாம்?"

"பொடியங்கள் மத்தியானம் ரவுன் கடைவீதிக்குச் சாப்பிடப் போனால் திரும்பி வகுப்புக்கு வாறதில்லையாம். மென்சாவில ஆக்கள் குறைஞ்சுபோச்சாம். மூடலாமோ எண்டு யோசிக்கிறாராம். வேலை செய்யிற எல்லாரும் அபிப்பிராயம் எழுதட்டாம்."

"நீ என்ன எழுதினனி?"

"குப்பையில போட்டன்."

"திகதி போட்ட கடிதத்தைக் குப்பையில போடுறதோ? பதில் எழுதாமல் விட்டு, பிறகு வதிவிட அனுமதியைத் தராட்டி?"

"ஐயோ அண்ணை, இது அது இல்லை எண்டு சொல்லுறன். ஐஞ்சாம் வகுப்பு பல்கலைக்கழகத்துக்குப் புத்தி சொல்லப் போகுதோ?"

அவன் சொன்னது சரி. ஆனால் பயம் சரி பிழை பார்க்குமா? மென்சா மூடினால் எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. வேலை இல்லாதவனின் அனுமதிப் பத்திரத்தை எந்த அதிகாரி சிரித்த முகத்தோடு புதுப்பிப்பார்? நான் தமிழில் சொல்ல, தவம் முணுமுணுத்துக்கொண்டே ஜெர்மனில் எழுதினான். பொலிசுக்கு அனுப்புவதுபோல் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரெக்டரின் அறை எங்கள் சமையலறைக்கு எதிர்க் கட்டடத்தில் இருக்கிறது!

என்ன எழுதினேன்? எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் – தட்டு.

பன்னிரண்டரைக்கு முன் திரும்பி வரும் தட்டில் சோஸ்கூட வழித்திருக்கும். ஒரு மணியை நெருங்கி வரும் தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடக்கும். ஒரே சட்டி, ஒரே உப்பு. அப்படியானால் சமையலில் குற்றமா? காலை வகுப்பெல்லாம் பன்னிரண்டுக்கு ஒன்றாக முடிகிறது. வரிசை மாடிப்படி வரை நிற்கிறது. கடைசியில் நிற்பவன் தட்டோடு உட்காரும்போது அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிடுகிறது. நாலு வாய் தின்றுவிட்டு எழும்பி ஓடுகிறான். இரண்டு நாள் அப்படி ஓடியவன் மூன்றாம் நாள் ரவுனுக்குப் போகிறான்... இவ்வளவுதான் எழுதினேன்.

இதற்கு முன் இருந்த ரெக்டரும் மென்சாவைத் திருத்தப் பார்த்தவர்தான். கெட்ட மனிதர் அல்ல. மேலே கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுப்பார். முடிவு மட்டும் கீழே வரும். சமையற்காரரை இரண்டு தரம் மாற்றினார். பசி எடுக்கட்டும் என்று சுவருக்கு மஞ்சள் அடித்தார். வரிசையில் ஒரு நாள் நின்று பார்த்திருந்தால் பெயின்ட் மிஞ்சியிருக்கும்.

புதியவர் வந்து நின்றார். என் கடிதம் போய் ஒரு கிழமையில், மதியம் முழுவதும், தட்டுகளைக் கொண்டுவரும் ஓடும் பட்டிக்குப் பக்கத்தில், கையில் மணிக்கூட்டோடு. என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குத் தமிழிலேயே பெரியவர்களோடு கதைக்க வராது. அதனால் வந்த தட்டுகளை வழித்துக் கொட்டாமல் வரிசையாக அடுக்கினேன். இந்தப் பக்கம் முதல் வந்தவை, அந்தப் பக்கம் பிந்தி வந்தவை. அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். "டாங்க" என்று நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு நடந்ததைத் தலைமைச் சமையற்காரர் சொன்னார். பாதி வகுப்புகள் பதினொன்றேகாலுக்கும் மீதி பன்னிரண்டேகாலுக்கும் முடிய வேண்டும் என்று ரெக்டர் சொல்ல, பேராசிரியர்கள் கொதித்துவிட்டார்களாம். முந்தி முடிப்பதென்றால் முந்தித் தொடங்க வேண்டும்; ஒருவருக்கும் விடியக் காலமை வகுப்புத் தொடங்க விருப்பம் இல்லை. ரெக்டர் எல்லோரையும் பேசவிட்டார். பிறகு தன்னுடைய சொந்த வகுப்பை எடுத்து, ஒருவருக்கும் பிடிக்காத அந்த முதல் நேரத்தில் போட்டார். அதற்கு மேல் யார் வாய் திறப்பது?

எனக்குப் புரிந்தது இதுதான். கேட்கத் தெரிய வேண்டும், போய்ப் பார்க்கத் தெரிய வேண்டும், முடிவெடுத்தபின் அதன் கஷ்டத்தில் முதல் பங்கைத் தான் எடுக்க வேண்டும். இதற்கு எந்தப் பட்டம் வேண்டும்?

குளிர்கால வகுப்புகள் தொடங்கியதும் வரிசை இரண்டாகப் பிரிந்தது. மாடிப்படி வெறுமை. மாணவர்கள் உட்கார்ந்து, கதைத்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் வகுப்புக்கே போகிறார்கள். செவ்வாயன்று ரெக்டர் வந்து என் ஈரக்கையைப் பிடித்து மெதுவாக, எனக்கு விளங்கும் ஜெர்மனில் சொன்னார்: மென்சாவை மூடமாட்டோம், பின்னேர வகுப்புகள் நிறைந்திருக்கின்றன, பதிவுத் தபாலில் வந்த பதில் உங்களுடையது மட்டும்தான்.

தவம் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ரெக்டர் போனபின் கிட்ட வந்தான்.

"அண்ணை, அந்தக் கடிதத்தை எழுதினது ஆர் எண்டும் ஒருக்காச் சொல்லியிருக்கலாமெல்லோ."

அன்று பின்னேரம் அவன் வாங்கித் தந்த கேக்கைச் சமையலறையில் எல்லோரும் நின்றபடியே தின்றோம். தலைமைச் சமையற்காரர் என் முதுகில் தட்டிய தட்டு இன்னும் வலிக்கிறது. சுகமான வலி.

எனக்கு ஒரே ஒரு நட்டம். முன்பு பதினொன்றரைக்கு ஒரு தேநீர் குடிப்பேன். இப்போது அந்த நேரத்தில் தட்டு வரத் தொடங்கிவிடுகிறது. அதைப் பற்றி ஒருவரும் என் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை.

எழுதி முடித்தது: 1988 நவம்பர் 12, சனிக்கிழமை.