தண்ணீரும் லிஃப்ட்டும்

பெங்களூர் அடுகோடியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான் வந்த புதிதில், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. காவலாளி கையைக் காட்டுவார். அவர்கள் படியேறிப் போவார்கள். அதை ஒழித்தவர் குடியிருப்போர் சங்கத் தலைவியாக வந்த அக்கா. அல்சூரில் பிறந்து வளர்ந்தவர், கல்லூரி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த அக்கா இல்லை. வேலூரிலிருந்து வந்து யாரையும் தெரியாமல் நின்ற எனக்கு அவர்தான் எல்லாம்.

பொறுப்பேற்ற அன்றே அந்தப் பெண்களைத் தன்னோடு லிஃப்ட்டில் ஏற்றிக்கொண்டு மேலே போனார். கீழே அவர்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டவைத்தார். குடியரசு தினத்தன்று கார் நிறுத்துமிடத்தில் எல்லோரையும் கூட்டி, அரசியலமைப்பின் முகப்புரையைக் கன்னடத்திலும் தமிழிலும் வாசித்தார். எனக்குச் சிலிர்த்தது.

மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒருவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அந்தப் பெண்களோடு நிற்கவே அருவருப்பாக இருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். படித்தபோது எனக்கு முகம் எரிந்தது. அக்கா அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். அதோடு நிற்காமல், அவர் வீட்டுக்குப் போகும் தண்ணீரையும் அடைக்கச் சொன்னார். கூட்டம் போடவில்லை. அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை.

நான் அக்கா வீட்டுக்கே போய்க் கேட்டேன். “அவரைக் கூப்பிட்டு விசாரிக்காம தண்ணிய நிறுத்தறது தப்பில்லையாக்கா?”

“அந்த ஆளுக்கா பரிஞ்சு பேசற?”

“அந்த ஆளுக்கும் சேர்த்துத்தானே முகப்புரை படிச்சீங்க?”

அக்கா என்னையே பார்த்தார். “நோட்டீஸு, மீட்டிங்னு நான் காத்துக்கிட்டு இருந்திருந்தா இந்தப் பொண்ணுங்க இன்னும் படிதான் ஏறிட்டிருப்பாங்க. அது தெரியுமா உனக்கு?”

தெரியும். அதனால்தான் அன்று அப்படியே திரும்பினேன். ஆனால் அந்த மனிதர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு வருவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர்மேல் எனக்கு இரக்கம் இல்லை. இருந்தாலும் அது சரியாகப்படவில்லை. கடைசியில் சிலரோடு சேர்ந்து பொதுக்குழுவைக் கூட்டச் சொன்னேன். தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்று எழுந்து பேசினேன். தீர்மானம் நிறைவேறியது.

அதோடு முடியும் என்றுதான் நினைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, தலைவியையே மாற்ற வேண்டும் என்றார். லிஃப்ட் விஷயத்தில் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரிந்தது. கைகள் உயர்ந்துகொண்டே போயின. நான் கையைத் தூக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. அக்கா அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தார்.

புதிய குழு அன்று மாலையே தண்ணீரைத் திறந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில், முறையாக நோட்டீஸ் கொடுத்து, முறையாக வாக்கெடுத்து, வேலைக்கு வரும் பெண்கள் படிக்கட்டில்தான் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நான் எதிர்த்துப் பேசினேன்.

புதிய தலைவர் சிரித்தார். “மேடம், ரூல்ஸ் பிரகாரம் நடக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? நோட்டீஸ் கொடுத்தாச்சு, ஓட்டும் எடுத்தாச்சு. ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

“ஓட்டுப் போட்டும் பறிக்கக் கூடாதது சிலது இருக்கு சார்.”

யாரும் காதில் வாங்கவில்லை. டீ வந்துவிட்டதென்று எழுந்து போனார்கள். நல்லவர் ஒருவர் நினைத்தாலும் பறிக்க முடியாமல், நாலு பேர் கை தூக்கினாலும் பறிக்க முடியாமல் இருப்பதுதான் உரிமை என்று அவர்களிடம் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தோன்றியது.

என் வீட்டுக்கு வேலைக்கு வருபவருக்கு முழங்கால் வலி. நான் இருக்கும் நாட்களில் கீழே போய், என்னோடு லிஃப்ட்டில் கூட்டிவருகிறேன். மற்ற நாட்களில் அவர் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வருகிறார்.

அக்கா வீட்டை விற்றுவிட்டு மல்லேஸ்வரத்துக்குப் போய்விட்டார். ஒருமுறை பார்க்கப் போனேன். காபி கொடுத்தார், உறவினரிடம் பேசுவதுபோல் எல்லாம் விசாரித்தார். கிளம்பும்போதுதான் சொன்னார்:

“தண்ணி விஷயத்துல நீ சொன்னதுதான் சரி. நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஆனா என்னை வெளியே அனுப்பினாங்களே, அன்னிக்கு எனக்காகவும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்மா.”

மெட்ரோ நிலையம் வரை கூடவே நடந்து வந்தார். லிஃப்ட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை.