மச்சாளின் மசில் கார்

இந்தக் கோடையில் என் கணவரைச் சிரிக்க வைப்பது எது? காரா, அவருடைய தங்கையா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் விட்டுவந்த ஊரில் சண்டை முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. சண்டை நடந்த வன்னியிலிருந்த அவருடைய அண்ணனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. வேலைக்குப் போவார், வருவார், தொலைக்காட்சியின் முன் இருப்பார். மகளைக் கையில் கொடுத்தால் வாங்குவார். நான் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான்.

பக்கத்து நகரமான விட்பியில் இருக்கும் அவர் தங்கை, என் மச்சாள், ஒரு மசில் கார் வாங்கியிருந்தாள். நீண்ட மூக்கு, இரண்டே கதவு, கையால் மாற்றும் கியர். ஒரு ஞாயிறு வந்து காரின் திறப்பை அவரிடம் நீட்டினாள். போய்த் திரும்பியவர்கள் வாசலில் நின்று சிரித்தார்கள்.

"அண்ணை கியரைத் தேடித் தேடிக் கதவுக்கு அடிக்கிறார்" என்றாள்.

ஊரில் வான் ஓட்டியவர்; அங்கே கியர் இடக்கைப் பக்கம், இங்கே அந்தப் பக்கம் கதவு. இடக்கை விரல் கணுக்கள் சிவந்திருந்தன. என்னோடு இப்படிச் சிரித்து எத்தனை நாள் என்று பொறாமையாக இருந்தது.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று பிறகு கேட்டேன். நெடுநாளுக்குப் பின் நீளமாகப் பேசினார். தானே கியர் மாறும் எங்கள் காரில் சும்மா இருந்தாலே போதுமாம். இதில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கியர் மாற்ற வேண்டும். வளைவில் அதிகமாக மிதித்தால் பின்பக்கம் வழுக்கப் பார்ப்பது இருக்கையிலேயே தெரியுமாம்.

"நான் ஒண்டு செய்தா உடனே மறுமொழி சொல்லுதப்பா. வேற ஒண்டையும் யோசிக்க விடாது."

நானும் உடனே மறுமொழி சொல்கிறவள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பிள்ளையை மச்சாளிடம் விட்டுவிட்டு நான் ஏறினேன். நெடுஞ்சாலையில் சேரும்போது எஞ்சின் உறுமி என் முதுகை இருக்கையோடு அழுத்தியது. எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"இஞ்சருங்கோ, மெல்ல. பிள்ளை வீட்டில இருக்கு."

உடனே கியரை மாற்றினார். சத்தம் அடங்கியது. வீடு வரும்வரை எங்கள் பழைய காரை ஓட்டுவதுபோலவே ஓட்டினார்.

"என்ன மச்சாள், முகம் வெளிறிக் கிடக்கு? உங்களுக்கு பஸ்தான் சரி" என்றாள் பிள்ளையோடு வாசலில் நின்ற அவர் தங்கை.

இப்போது ஞாயிறுதோறும் அவர்கள் இருவரும்தான் போகிறார்கள். காரில் வன்னியிலிருந்த அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டு வருகிறாராம். மச்சாள் சொல்லித்தான் தெரியும். என்னிடம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

வாசிக்கும் நீங்கள் சொல்லுங்கள். கிளச் மிதிக்கப் பழகி, அவர் பக்கத்தில் பயமில்லாமல் இருக்க நான் முயல வேண்டுமா? அல்லது அந்த ஞாயிறுகளை அவருக்கே விட்டுவிடுவதுதான் சரியா?