தீபாவளிக்கு விட்ட லீவு

கிள்ளானில் நான் வேலை பார்த்த சவர்க்காரத் தொழிற்சாலையை ரவாங்குக்கு மாற்றப் போகிறார்கள் என்று எண்பதுகளின் நடுவில் ஒருநாள் தெரியவந்தது. நிரந்தரத் தொழிலாளர்கள் எல்லாருக்கும் அங்கே வேலை உண்டு. எங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. நாங்கள் கொன்ட்ராக்டரின் ஆட்கள். அதே கேட்டில் நுழைந்து, அதே சோப்புப் பெட்டிகளை அதே லோரியில் ஏற்றினோம். சட்டை மட்டும் கம்பெனி சட்டை இல்லை.

இத்தனை வருடம் விடாமல் உழைத்திருந்தால் நிரந்தரம் கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். லேபர் ஆபீஸில் புகார் கொடுத்தோம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எல்லாரிலும் பழைய ஆள் நான் என்பதால் என்னையே பேசச் சொன்னார்கள். எனக்கோ நாலு பேர் முன்னால் பேச்சு வராது.

"வாயத் திறந்து பேசு லா. உன்ன என்ன பொண்ணு பார்க்கவா கூட்டிட்டுப் போறோம்?" என்றார் பேக்கிங்கில் இருந்த அக்கா. லேபர் ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதிகாரி மலாய்க்காரர், தன்மையான மனிதர். இடையில் நிற்காமல் வேலை செய்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எதிரில் உட்கார்ந்திருந்த கொன்ட்ராக்டர் மெதுவாக மலாயில் சொன்னார்: ஒவ்வொரு தீபாவளிக்கும் இவர்கள் வேலையை முடித்து அனுப்பிவிடுவேன், பிறகு புதிதாக எடுப்பேன், இவர்களையே கேளுங்கள்.

எனக்கு முதலில் புரியவில்லை. தீபாவளிக்கு அவர் எங்களுக்கு நீண்ட லீவு விடுவார். "போய் நல்லா கொண்டாடுங்க" என்பார். நிரந்தர ஆட்கள் பண்டிகைக்கு மறுநாளே மெஷினுக்குத் திரும்பும்போது நாங்கள் வீட்டில் இருப்போம். அதை அவர்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறோம். என் மனைவி வருடம் தவறாமல் அவர் வீட்டுக்கு முறுக்கு கொடுத்தனுப்புவாள்.

அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். வேலைக்குப் போகாத நாளுக்கு யார் சம்பளம் தருவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அதிகாரி பேனாவை மூடிவிட்டார். தொடர்ச்சியான வேலை என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது என்றார்.

"எங்க தீபாவளிய வச்சே எங்கள கவுத்துட்டீங்களேண்ணே!" என்று அக்கா கத்திவிட்டார்.

"நீதானம்மா போன வருஷம் கேரி தீவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போகணும், இன்னும் ரெண்டு நாள் கொடுங்கன்னு கேட்ட?" என்றார் கொன்ட்ராக்டர்.

உண்மைதான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்தபோது கொன்ட்ராக்டர் என் தோளில் கை வைத்தார். "மனசுல வச்சுக்காத தம்பி. ரவாங்குக்கும் நான்தான் ஆள் அனுப்புறேன். உன் பேரச் சேத்துக்கவா?"

அக்கா நிற்காமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள். நான் தலையை ஆட்டினேன்.

ரவாங்கில் முதல் நாள், புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, முதுகு பிடித்துக்கொள்ளாமல் பெட்டியை எப்படித் தூக்குவது என்று குனிந்து காட்டினான். "புரிஞ்சுதா அங்கிள்?" என்றான். புரிந்தது என்றேன். ஒருமுறை தூக்கிக் காட்டச் சொன்னான். தூக்கிக் காட்டினேன்.